மருதமுத்துவின் கொப்பியில் என் சொல்

மருதமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் கந்தோரில் முன்பு ஒன்றாக வேலை செய்தவர்களின் குழுவில் திலகா போட்டிருந்தார். ஒரு படம், அதற்குக் கீழே இரண்டு வரி. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருகிறவற்றில் பாதி பொய். போன மாதம்தான், உயிரோடு சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து அனுதாபம் தெரிவித்து முடித்திருந்தோம். ஆகவே உண்மையா பொய்யா என்று பார்க்க மருதமுத்துவின் இலக்கத்துக்கே கோல் எடுத்தேன். யாரோ எடுத்தார்கள். "மருதமுத்து, உங்களைப் பற்றி என்னென்னவோ போடுறாங்களே, பார்த்தீங்களா?" என்றேன். பதிலுக்கு ஒரு பெண் குரல் கேட்டது. "மிஸ்ஸுங்களா? நான் பாக்கியம் பேசுறேன், அவரு சம்சாரம். காலையில டீ குடிச்சாரு. நெஞ்ச அடைக்கிதுன்னு கதிரையில ஒக்காந்தாரு. எந்திரிக்கவே இல்லைங்க மிஸ்."

என் கணவர் பக்கத்தில் நின்றார். "மவுத்தான மனிசன்கிட்டயே கேட்டாத்தான் ஒனக்கு நம்பிக்கை வரும்" என்றார். திட்டினாரா, இரக்கப்பட்டாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அழுதேன் என்று இந்த நினைவு மலரில் எழுதினால் அது பச்சைப் பொய். "இனி அவரிடம் கேட்க முடியாதே" என்பதுதான் முதலில் வந்தது. பதினொரு வருடமாக அவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன். "என்மேல் வந்த அந்தப் பெட்டிசத்தை எழுதியது நீங்கள்தானே?" பெயர் போடாமல் மேலிடத்துக்கு அனுப்புகிற முறைப்பாட்டுக் கடிதத்துக்கு எங்கள் கந்தோர்களில் பெட்டிசம் என்று பெயர். எத்தனையோ தடவை அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அவரும் கண்டி நகரில் ஒரே கந்தோரில், ஒரே கடிதப் பிரிவில், எதிரெதிர் மேசையில் பதினேழு வருடம் வேலை செய்தோம். நான் மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவர் நாவலப்பிட்டியிலிருந்து கோச்சியில், ரயிலில்தான், வருவார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. போன வருடம் மூன்று மாத வித்தியாசத்தில் ஓய்வு பெற்றோம். என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் எதையும் நம்பாதவள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் என்ன வேண்டும் என்று கேட்பேன். பாலை முகர்ந்து பார்க்காமல் தேத்தண்ணியில் ஊற்றியது கிடையாது.

அவர் மாற்றமாகி வந்த முதல் வாரமே சந்தேகம் தொடங்கிவிட்டது. எங்கள் கந்தோரில் எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறவர் பிந்தி வந்தவர். ஒரு நாள் கோடு போட்ட பிறகுதான் மருதமுத்து ஓடி வந்தார். பெரிய கிளார்க் சிவப்புப் பேனையோடு முறைத்தார். மருதமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே இங்கிலீஷில், "இன்றைக்கு கோச்சி லெதாஜிக், சேர்" என்றார். சோம்பல் பிடித்த கோச்சி! பெரிய கிளார்க் சிரித்துவிட்டார். கோட்டுக்கு மேலேயே இடம் கொடுத்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வருகிற மனிதனின் வாயில் அப்படி ஒரு சொல் தானாக வராது, இவர் வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரி. பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். "நாலு நாளா அந்தச் சொல்ல சட்டப் பையில வச்சிக்கிட்டு அலைஞ்சேன் மிஸ். பாழாப்போன கோச்சி நாலு நாளும் நேரத்துக்கு வந்திருச்சு."

இங்கிலீஷ் சொல் சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். அதற்கென்று தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்று எப்போதும் மேசையில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். முதலாவதில் சொல். இரண்டாவதில் அது எங்கே பிடிபட்டது. மூன்றாவதில் யார் வாயிலிருந்து. நாலாவதில் அவர் அதைப் பாவித்த இடங்கள். அகராதியில் பார்த்த சொல்லை அவர் கொப்பியில் ஏற்ற மாட்டார். பொருள் சரிபார்க்க மட்டும்தான் அகராதி. "அதுல கெடக்குறது தூங்குது மிஸ். யாராவது ஒரு ஆளு வாயிலருந்து வரணும், அப்பத்தான் அதுக்கு உசுரு" என்பார். எல்ல மலைப் பக்கம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி கோச்சி யன்னலில் தலையை நீட்டி, மலை மூட்டத்தைப் பார்த்து "எதீரியல்" என்றாளாம், இந்த உலகத்தில் இல்லாதது மாதிரி என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு கந்தோர் வரை வந்தார். பல்லேகலயில் கிரிக்கெட் நடந்தால் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் கணக்கெடுக்க மாட்டார். அறிவிப்பாளர் ஒரு துடுப்பாட்டக்காரனை "நொன்ஷலன்ட்", அலட்டிக்கொள்ளாதவன், என்றதும் கொப்பியை எடுப்பார். பனடோல் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கிற துண்டுக் காகிதத்தைக்கூட விட மாட்டார்.

பிடித்தால் மட்டும் போதாது. ஒரு சொல்லை மூன்று தடவை, மூன்று பேரிடம், இடம் பொருந்தப் பாவித்தால்தான் அது சொந்தம். ஒவ்வொரு தடவைக்கும் நாலாவது கட்டத்தில் ஒரு சரி போடுவார். மூன்று சரி விழும் வரைக்கும் அது இன்னொருவருடைய சொல். பகல் சோறு முடிந்ததும் பழைய கலண்டர்த் தாளை மடித்துக் கொப்பியின் மற்ற மூன்று கட்டங்களையும் மூடிவிட்டு, முதலாவது கட்டத்தை மட்டும் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். இந்தக் கலண்டர்த் தாளை மறந்துவிடாதீர்கள். என் மடத்தனத்துக்கு அதுதான் திரை.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல் கொடுப்பார். மாதக்கணக்கில் ஆளைக் கவனித்து, பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து, சின்னத் துண்டில் எழுதித் தருவார். கொடுத்த பிறகு அதைத் தான் பாவிக்க மாட்டார், வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். "குடுத்தது குடுத்ததுதான் மிஸ். அப்பறம் அது என் சாமான் இல்ல." திலகாவுக்கு "ஸெரீன்" கிடைத்தது, அமைதி என்று பொருள். அந்த மனுஷி அதைக் கண்ணாடி போட்டு மேசையில் வைத்தார். எனக்குக் கிடைத்தது "சர்கம்ஸ்பெக்ட்."

எனக்கு இரத்தம் கொதித்தது. வாய்க்குள் நுழையாத ஒன்றைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். வீட்டில் மகளின் அகராதியில் பார்த்தேன், நூலகத்தில் பார்த்தேன், ஃபோனிலும் பார்த்தேன். மூன்றிலும் ஒரே பொருள்தான். அடுத்த நாள் நேராகப் போய், "சந்தேகப் பிராணி என்று சொல்ல வாறீங்களா?" என்றேன். மனிதர் பதறிப்போனார். "ஐயய்யோ இல்லைங்க மிஸ். சந்தேகம் வேற. இது காலு வைக்கிறதுக்கு முந்தி நாலு பக்கமும் பாத்து வைக்கிறது. அப்பிடி ஒரு ஆளு கந்தோர்ல இருக்கிறது நல்லதுதானே." துண்டை வாங்கிக் கைப்பையில் போட்டேன். வேண்டுமென்று வைத்துக்கொண்டேனா, எறிய மறந்தேனா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் தனியாக இருக்கும்போது அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தது மட்டும் உண்மை.

பிறகுதான் பெட்டிசம் வந்தது. கடிதப் பிரிவின் பொறுப்பு எனக்கு வரவேண்டிய நேரம். இரகசியக் கடிதங்களை நான் வெளி வியாபாரிகளுக்குக் காட்டுகிறேன், மடவளையில் கடை வைத்திருக்கிற என் உடன்பிறந்த நானாவுக்காகச் செய்கிறேன் என்று இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். அடியில் வழக்கம்போல "உண்மையை நேசிக்கும் ஊழியர்கள்." விசாரணைக்கு வந்த அதிகாரி அதை எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து உரக்க வாசித்தார். நிஃபேரியஸ், சரெப்டிஷஸ், கொனைவன்ஸ்! கொடியது, களவாகச் செய்வது, கூட்டுச் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்வது. எனக்கு அன்று ஒன்றுக்கும் பொருள் தெரியாது. ஆனால் கல்லெறி பட்டது மாதிரி ஒவ்வொன்றும் விழுந்தது. அறையில் இருந்தவர்களின் கண் ஒவ்வொன்றாக மருதமுத்துவின் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அந்த இங்கிலீஷ் வேறு யாரிடம் இருக்கிறது? நான் விழுந்தால் மூப்புப்படி அடுத்தவரும் அவர்தான்.

எட்டு மாதம் விசாரணை நடந்தது. அந்த எட்டு மாதமும் பிரிவைத் தற்காலிகமாகப் பார்த்தது மருதமுத்து. பொறுப்பாளரின் கதிரையில் அவர் உட்காரவில்லை, தன் பழைய மேசையிலேயே இருந்தார். அதுவும் எனக்கு நடிப்பாகவே பட்டது. ஒரு நாள் பிளேன்டீயோடு வந்து, "மிஸ், நிஃபேரியஸ்னா சாதாரணக் கெட்டதா, இல்ல ரொம்பக் கெட்டதா? எந்த எடத்துல போடுவாங்க?" என்று கேட்டார். என்னிடம்! அந்தச் சொல்லால் அடிபட்டவளிடம்! "எழுதினவரிடம் கேளுங்கள்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். புண்ணில் உப்புத் தடவிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அவர் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் கொப்பியைத் திறந்தேன். செய்யக் கூடாததுதான், செய்தேன். கடைசிப் பக்கத்தில் மூன்று சொல்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பக்கத்துக் கட்டங்களைக் கலண்டர்த் தாள் மூடியிருந்தது. அந்தத் தாளை ஒரு விரலால் தள்ளியிருந்தால் போதும். குழாய் நின்ற சத்தம் கேட்டது, கொப்பியை மூடிவிட்டேன். கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற நான், அன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நான் குற்றமற்றவள் என்று முடிவு வந்தது. அதிகாரி என் கோப்பைத் திருப்பித் தரும்போது, "உங்களோடு வேலை செய்கிற ஒருவர் உங்களுக்காக நல்ல கடிதம் எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். யார் என்று சொல்வதற்கு விதி இல்லையாம். திலகாவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். பெரிய சட்டி நிறைய வட்டிலப்பம் செய்துகொண்டு போய் அவருக்குக் கொடுத்தேன். பெருநாளைக்கு ஒவ்வொரு வருடமும் கொடுப்பதுதானே, மனுஷி ஏன் என்று கூடக் கேட்கவில்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டு, சட்டியையும் கழுவித் தந்தார்.

இனி எழுதப் போவதை வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மருதமுத்துவுக்கு மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு நேர்முகம் வந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பதவி. கந்தோரே வாழ்த்தியது. நான் கட்டுகஸ்தோட்டையில், என்னைத் தெரியாத ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய், டைப் அடித்து, அவர்மேல் பெட்டிசம் போட்டேன். இங்கிலீஷில். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கந்தோர் நேரத்தில், கந்தோர்த் தாளில் தனிப்பட்ட கடிதம் எழுதிக் கொடுக்கிறார் என்று எழுதினேன். அதில் பாதி உண்மை. அவர் எழுதிக் கொடுத்தார்தான். பிறப்புப் பதிவில் பெயர் பிழைத்தவர்கள், வெளிநாட்டில் இருக்கிற மகளைப் பற்றி விசாரிக்கிறவர்கள், அடையாள அட்டைக்கு அலைகிறவர்கள் எல்லாம் பகல் நேரத்தில் கந்தோர் வாசல் படலைக்கு வெளியே நிற்பார்கள். சோத்துப் பார்சலை அவிழ்க்காமல் போய் எழுதிக் கொடுப்பார். தாள் அவருடைய சொந்தத் தாள், நேரம் அவருடைய சாப்பாட்டு நேரம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினேன்.

பெட்டிசம் என்றால் தடித்த சொல் நாலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக் கூடைக்குள் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். "இவர் தன் கடமையில் சர்கம்ஸ்பெக்ட்டாக நடப்பவர் அல்லர்" என்று மூன்றாவது பந்தியில் போட்டேன். எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே பெரிய சொல் அதுதான். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்ற நினைப்பே அப்போது வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

பெட்டிசத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினார்கள். அன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார். "மிஸ், இன்னைக்கி ஒரு நல்ல சொல்லு கேட்டேன்" என்றார். சிரித்தார். என்ன சொல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதற்குப் பழிவாங்க என்னவோ திட்டம் வைத்திருக்கிறார் என்று மாதக்கணக்கில் பயந்தேன். அவர் பிளேன்டீ கொண்டுவந்தால் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நேர்முகப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கந்தோர் வளவுக்குள் கடிதம் எழுதக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. படலையடியில் நின்ற சனங்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒரு நாள் கொழுந்துக் கூடையின் கயிற்றுத் தழும்பு ஏறிய தலையோடு ஒரு தாய் வந்து, "மருத ஐயா இல்லீங்களா? ஒரு கடுதாசி எழுதணும்" என்று என்னிடமே கேட்டார். "இங்கே அப்படி ஒன்றும் எழுதுவதில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா கையில் இருந்த உறையை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மருதமுத்து நாவலப்பிட்டி ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். சாதாரண லிகிதராகவே ஓய்வு பெற்றார்.

கருமாதிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் கோல் எடுத்தார். "மிஸ், இவரு கொப்பி பதினாலு கெடக்கு. எனக்கு இங்கிலீஷு ஓடாது. நெனவு மலருல போட அவருக்குப் புடிச்ச சொல்லு கொஞ்சம் பொறுக்கித் தர்றீங்களா? நீங்கதான் அவருக்கு எதிர்த்தாப்பல இருந்தவங்க" என்றார். உடனே சந்தேகம். திலகா இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறார்? பெட்டிச விஷயம் தெரிந்து, வீட்டுக்கு வரவழைத்து நாலு பேருக்கு முன்னால் கேட்கப் போகிறாரோ? போகாமல் விட்டால் குற்றவாளி என்று ஆகிவிடும் என்று நினைத்துத்தான் நாவலப்பிட்டிக்குப் போனேன். பஸ் முழுக்க, கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியம் அலுமாரியைத் திறந்து கொப்பிகளை மேசையில் அடுக்கிவிட்டு, பகல் சமையலை முடித்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார். நான் மற்ற எதையும் பார்க்கவில்லை. அந்த வருடத்துக் கொப்பியைத் தேடி எடுத்தேன். கலண்டர்த் தாள் உள்ளேயே கிடந்தது. எடுத்துக் கீழே வைத்தேன்.

நிஃபேரியஸ். எங்கே: மிஸ் மேல வந்த பெட்டிசம். யார்: விசாரணை ஐயா வாசித்தது. பாவித்த இடம்: மிஸ்ஸுக்காக மேலிடத்துக்கு நான் எழுதிய கடிதம். சரெப்டிஷஸ், அதே கடிதம். கொனைவன்ஸ், அதே கடிதம். பக்கத்தில் கடிதத்தின் பிரதி மடித்து ஒட்டியிருந்தது. அந்தப் பெட்டிசத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதே சொல்லால் திருப்பிப் பதில் எழுதியிருந்தார். அதில் ஒரு வரியைத் தமிழில் தருகிறேன்: "இந்தப் பெண்மணியிடம் களவு எதுவும் இல்லை. தான் பூட்டிய பூட்டையே மூன்று தடவை சரிபார்க்கிற ஒருவர் அரசாங்கத்தின் பூட்டைத் திறந்து விடமாட்டார்."

நம்பினேனா? இல்லை. என் குணம் உங்களுக்குத் தெரியும். பின்னால் எழுதிச் சேர்த்ததோ என்று மையைப் பார்த்தேன், முன் பக்கத்துத் தேதி, பின் பக்கத்துத் தேதி எல்லாம் பார்த்தேன். பெட்டிசம் வாசித்த நாளுக்கு முன் அந்த மூன்று சொல்லும் எந்தக் கொப்பியிலும் இல்லை. அவர் எங்கள் கந்தோருக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்று தடவை புரட்டியும் இல்லை. அவர் என்னிடம் வந்து பொருள் கேட்டது புண்ணைக் கிளற அல்ல. எனக்காக எழுதப் போகிற இடத்தில் சொல் பிழைத்துவிடக் கூடாதே என்றுதான் கேட்டிருக்கிறார். யா அல்லாஹ், அந்த மனிதனை நான் என்ன செய்தேன்!

அடுத்த வருடத்துக் கொப்பியைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன். அதில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"சர்கம்ஸ்பெக்ட். எங்கே: என்மேல வந்த பெட்டிசம், மூணாவது பந்தி. யார்: மிஸ். பாவித்த இடம்: இடம் சரி. நான் குடுத்ததை முதல் தடவையா பாவிச்சிருக்காங்க." அதற்குப் பக்கத்தில் ஒரு சரி.

ஒரே ஒரு சரி. திட்டு இல்லை, கேள்வி இல்லை. சரி போட்டதற்குக் கீழே இரண்டு சரிக்கு இடம் விட்டிருந்தார்.

பாக்கியம் தேத்தண்ணியோடு வந்து நான் பிடித்திருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அந்தச் சரி மட்டும்தான். "அது ஒங்க சொல்லுதானே மிஸ்? அன்னைக்கி வூட்டுக்கு வந்து அம்புட்டு சந்தோசமா சொன்னாரு. நான் குடுத்த சொல்ல மிஸ் பாவிச்சிட்டாங்க பாக்கியம்னு. பேரு வெட்டிட்டாங்கங்கற கவலைய சொன்னாரு, அதோட இதையும் சொன்னாரு. எதுல பாவிச்சீங்கன்னு கேட்டேன். அதெல்லாம் ஒனக்கு வெளங்காதுன்னுட்டாரு. எதுல மிஸ்?"

"ஒரு கடிதத்தில்" என்றேன். தேத்தண்ணியை முகராமல் குடித்தேன். பொறுக்கிய சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. கம்பளை தாண்டியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

என்மேல் பெட்டிசம் போட்டவர் யார் என்று இன்னும் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். திலகா, உங்களைக்கூட இரண்டு நாள் யோசித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் என் சந்தேகம் போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இனித் தாளைத் தள்ளிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பாக்கியம், உங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது, தமிழ் ஓடும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போக முந்தி இந்தத் தாள்களை உங்கள் கையில் தருகிறேன். எதில் பாவித்தேன் என்று கேட்டீர்கள். அவருடைய பதவியைப் பறித்த கடிதத்தில். எழுதியது நான்தான். வாசித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போட்டாலும், என் முகத்தில் எறிந்தாலும் உங்கள் விருப்பம். மலரில் போடுங்கள் என்று நீங்கள் சொன்னால் மட்டும் போடட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது கைப்பையில் கிடந்து நைந்துபோன அந்தத் துண்டும், அதில் இருக்கிற ஒரு சொல்லும். காலை வைக்குமுன் நாலு பக்கமும் பார்க்கிறவள் என்று என்னை நம்பித்தான் அதைக் கொடுத்தார். மருதமுத்து, நான் அப்படி நடக்கவில்லை. உங்கள் விஷயத்தில் நான் சர்கம்ஸ்பெக்ட்டாக இருக்கவில்லை. இது இரண்டாவது தடவை, இடம் சரிதானே? இன்னும் ஒரு சரி பாக்கி இருக்கிறது.

பெட்டிசத்துக்கு அடியில் நான் பெயர் போடவில்லை. இதற்குப் போடுகிறேன்.

சித்தி ஃபரீனா,
மடவளை.